ஆப்ட் விழுந்த இடத்தைத் துடைப்பதற்கு முன்னால்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தாம்பரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உங்கள் பொறுப்பு. 30 மெஷின், எல்லாவற்றிலும் ஒரே இமேஜிலிருந்து போட்ட டெபியன் 12 லினக்ஸ். அதில் ஒன்றே ஒன்றில் மட்டும் இரண்டு வாரமாக, டெபியனில் மென்பொருள் பேக்கேஜ்களை நிறுவுகிற ஆப்ட் கருவியில் அப்டேட் கொடுத்தால் 'ரீடிங் பேக்கேஜ் லிஸ்ட்ஸ்' வரை வந்து 'செக்மென்டேஷன் ஃபால்ட்' (தொடக் கூடாத நினைவக இடத்தைத் தொட்டுவிட்டது) என்று விழுகிறது. எப்போதும் இல்லை, பத்துக்கு ஒன்றிரண்டு தடவை. ஜிடிபி என்ற பிழை தேடும் கருவிக்குள் ஓட்டினால் விழவே மாட்டேன் என்கிறது. கூட வேலை செய்பவர்கள் 'கேச்சை அழி, இல்லாவிட்டால் ரீஇன்ஸ்டால் பண்ணு' என்கிறார்கள். உங்களுக்குக் காரணம் தெரிய வேண்டும்.

அழிக்காதீர்கள், இன்றைக்கு மட்டுமாவது. கேச்சை அழித்தால் சரியாகிவிடவும் வாய்ப்பு உண்டு, அதுதான் சிக்கலே. சரியாகிவிட்டால் ஏன் சரியானது என்று யாருக்கும் தெரியாது, அடுத்த மாதம் திரும்ப வரும். காலை பத்து மணிக்கு வரிசையில் ஆள் நிற்கிற பில்லிங் மெஷின் என்றால் நானும் அழித்துவிட்டுத்தான் போவேன். உங்களிடம் இன்னும் 29 மெஷின் இருக்கிறது. பிள்ளைகள் அதில் உட்காரட்டும், இதைக் கொஞ்ச நாள் நமக்காக விட்டு வைப்போம்.

கட்டளைகளை ஃபோனில் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன், டைப் செய்யும்போது பார்த்து அடித்துக்கொள்ளுங்கள்.

அந்த 'ரீடிங் பேக்கேஜ் லிஸ்ட்ஸ்' நேரத்தில் ஆப்ட் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டவுன்லோட் ஆன பட்டியல்கள் வெறும் டெக்ஸ்ட். வார் லிப் ஆப்ட் லிஸ்ட்ஸ் அடைவில் கிடக்கும், எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். டெபியன் 12-இல் 64 ஆயிரத்துக்கும் மேல் பேக்கேஜ். ஒவ்வொன்றுக்கும் பெயர், பதிப்பு, எது எதைச் சார்ந்திருக்கிறது என்று ஒரு பத்தி. ஒவ்வொரு தடவையும் இத்தனையையும் படித்தால் கட்டுப்படியாகாது. அதனால் ஆப்ட் ஒரு தடவை படித்து, பைனரி கோப்பாகக் கட்டி வார் கேச் ஆப்ட் அடைவில் போட்டுவிடும். பிகேஜிகேச் டாட் பின் என்பது அதுதான். அடுத்த தடவை அதை எம்மேப் செய்து, அதாவது கோப்பை அப்படியே நினைவகத்தில் விரித்துப் போட்டு, நேராக உள்ளே கை வைக்கும். கட்டும்போதும் இதே கதைதான். பெரிய நினைவகத் துண்டு ஒன்றை வாங்கி, படிக்கப் படிக்க அதில் அடுக்கிக்கொண்டே போகும். உங்கள் மெஷின் விழுவது பெரும்பாலும் இந்தக் கட்டுமான வேலையின் நடுவில். ஆகவே சந்தேகப்பட வேண்டியவை நான்கு: படிக்கிற டெக்ஸ்ட், படிக்கிற நிரல், அந்த நிரல் கூப்பிடுகிற லைப்ரரிகள், எல்லாவற்றையும் தாங்குகிற ரேமும் டிஸ்க்கும்.

முதலில் விழுந்த உடனே எடுக்க வேண்டியது எக்ஸிட் கோட், அதாவது நிரல் முடியும்போது விட்டுப்போகும் எண். 'க்ராஷ்' என்ற ஒரே வார்த்தையில் நாலு வெவ்வேறு நோய் ஒளிந்திருக்கும். 139 வந்தால் 128-உடன் 11, அதாவது சிக்னல் 11, உங்கள் செக்மென்டேஷன் ஃபால்ட். 134 என்றால் நிரல் தானே 'இது தாங்காது' என்று அபார்ட் செய்துகொண்டது. நினைவகம் குழம்பியதை சி மொழியின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி கண்டுபிடித்தாலும் இதுதான் வரும். 135 என்றால் பஸ் எரர். எம்மேப் செய்த கோப்பு பாதியில் சுருங்கிவிட்டது, அல்லது டிஸ்க்கிலிருந்து அந்தப் பக்கத்தைப் படிக்க முடியவில்லை. உடனே, டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். 137 என்றால் அது க்ராஷே இல்லை. பெரும்பாலும் மெமரி தீர்ந்துபோய் கர்னல் கொன்றுவிட்டது. ஒரு ஜிபி ரேம் உள்ள வாடகை சர்வர் வைத்திருப்பவர்கள் 'ஆப்ட் க்ராஷ் ஆகுது' என்று என்னிடம் வருவதில் நிறைய பேருக்கு இந்த 137தான். ஒரு எச்சரிக்கை: வெளியீட்டைச் சேமிக்கலாம் என்று டீ கட்டளைக்குப் பைப் போட்டால், கடைசியில் கிடைப்பது டீயின் எக்ஸிட் கோட். ஆப்ட் செத்திருக்கும், டீ சுடச்சுட 0 என்று சொல்லும். பேஷில் பைப்ஃபெயில் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது டிமெசேஜ், கர்னலின் குறிப்புகளைக் காட்டுகிற கட்டளை. செக்ஃபால்ட் நடந்ததும் கர்னல் ஒரு வரி எழுதி வைத்திருக்கும். எந்த முகவரியைத் தொடப் போனது, அப்போது நிரல் எந்த இடத்தில் இருந்தது, எந்த லைப்ரரிக்குள், அந்த லைப்ரரி எங்கே ஏற்றப்பட்டிருந்தது, எல்லாம் அந்த ஒற்றை வரியில் இருக்கும். 'எரர்' என்று ஒரு எண் வரும். 4 என்றால் இல்லாத இடத்தைப் படிக்கப் போனது, 6 என்றால் இல்லாத இடத்தில் எழுதப் போனது. தொட்ட முகவரி 0 அல்லது 8, 16 மாதிரிச் சின்ன எண் என்றால் வெற்றுப் பாயின்டர், அதாவது எந்த இடத்தையும் காட்டாத முகவரிக் குறிப்பு. பெரிய எண், பார்க்க நிஜ முகவரி மாதிரியே இருந்தால் கவனியுங்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். 6.1 கர்னலிலிருந்து எந்த சிபியுவில் நடந்திருக்கலாம் என்பதையும் அந்த வரி சொல்கிறது. டெபியன் 12-இல் அதே 6.1தான். ஏழெட்டு தடவையும் ஒரே கோரில்தான் விழுகிறது என்றால் ஆப்டின் மேல் பழி போடுவதை நிறுத்திவிட்டு ப்ராசஸரைப் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது ஆதாரத்தைக் காப்பாற்றுவோம். எட்சி ஆப்ட், வார் லிப் ஆப்ட், வார் லிப் டிபிகேஜி, வார் கேச் ஆப்ட் ஆகிய நான்கு அடைவுகளையும் டார் போட்டு ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். கேச்சுக்குள் இருக்கிற ஆர்க்கைவ்ஸ் மட்டும் வேண்டாம், அது பழைய டெப் (பேக்கேஜ்) கோப்புகளின் குடோன். எடுக்கும்போதே ஒரு சின்னச் சோதனை: பட்டியல் கோப்புகளுக்கு ஷா256 (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) போடுங்கள், கர்னலின் பேஜ் கேச்சை ட்ராப் செய்யுங்கள், மறுபடி ஷா256 போடுங்கள். நடுவில் ட்ராப் செய்யாவிட்டால் இரண்டாம் தடவையும் ரேமில் இருக்கிற அதே நகலைத்தான் படிக்கும், சோதனைக்கு அர்த்தம் இல்லை. யாரும் தொடாத கோப்புக்கு இரண்டு வெவ்வேறு எண் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அது வன்பொருள்.

இனிதான் முக்கியமான வேலை. 'சில சமயம் விழுகிறது' என்பதை ஒரு எண்ணாக மாற்ற வேண்டும். அதற்கு ரூட் வேண்டாம், நிஜ சிஸ்டத்தைத் தொடவும் வேண்டாம். எடுத்த நகலை ஹோம் அடைவில் விரித்து, ஆப்ட்-கேச் ஜென்கேச்சஸ் என்று ஓட்டுங்கள். அது கேச்சைக் கட்டுவதை மட்டும் செய்கிற கட்டளை. ஆப்டுக்கு மைனஸ் ஓ போட்டு எந்த அமைப்பையும் மாற்றிக் கொடுக்கலாம். டிர் என்று தொடங்கும் விருப்பங்களால் ஸ்டேட், கேச், எட்சி மூன்றையும் உங்கள் நகலுக்குத் திருப்பிவிடுங்கள். ஆப்டுக்குக் கீழே பேக்கேஜை நிறுவுகிற டிபிகேஜியின் ஸ்டேட்டஸ் கோப்புக்கு மட்டும் தனி விருப்பம், டிர் ஸ்டேட் ஸ்டேட்டஸ். அதை மறந்தால் ஓடுகிற மெஷினின் சொந்த ஸ்டேட்டஸைப் படித்துவிட்டு, 'இங்கே நன்றாக ஓடுகிறதே' என்று நீங்கள் ஏமாறுவீர்கள். நான் ஏமாந்திருக்கிறேன், ஒரு முழு மத்தியானம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் நகலின் கேச்சில் உள்ள இரண்டு பின் கோப்புகளையும் (பிகேஜிகேச், எஸ்ஆர்சிபிகேஜிகேச்) நீக்கிவிட வேண்டும், அப்போதுதான் புதிதாகக் கட்டும். ஐம்பது தடவை லூப்பில் விட்டு, ஐம்பதில் எத்தனை என்று எழுதி வையுங்கள். இந்த எண் இல்லாமல் எதை மாற்றினாலும், மாற்றியதால் சரியானதா தற்செயலாகச் சரியானதா என்று சொல்ல முடியாது. பத்துக்கு ஒன்று விழுகிற மெஷின், எதையுமே தொடாமல் தொடர்ந்து ஆறு தடவை நல்ல பிள்ளையாக ஓட பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு.

அப்புறம் அதே பென்டிரைவைப் பக்கத்து மெஷினில் செருகி அதே ஐம்பது. ஒரே இமேஜ் என்பதால் நிரல் இரண்டிலும் ஒன்றேதான், அதாவது ஒன்றாக இருக்க வேண்டும். அங்கேயும் விழுந்தால் குற்றவாளி டெக்ஸ்ட் அல்லது நிரல். அங்கே ஐம்பதும் ஓடினால் சந்தேகம் உங்கள் மெஷினின் உடம்பின் மேல் திரும்புகிறது.

இதோடு இன்னொரு தடயம்: விழுகிற இடம். டிமெசேஜ் வரியில் உள்ள நிரல் முகவரியிலிருந்து லைப்ரரி ஏற்றப்பட்ட முகவரியைக் கழியுங்கள். முகவரிகள் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும், ஆனால் கழித்து வருவது மாறாது. ஏழு க்ராஷிலும் ஒரே எண் வந்தால் அது பக் அல்லது கெட்டுப்போன தரவு. ஏழும் ஏழு ஊரில் விழுந்தால், ஒரு தடவை லிப்ஆப்ட், ஒரு தடவை ஜிலிப்சி, ஒரு தடவை சி ப்ளஸ் ப்ளஸ் லைப்ரரி என்று ஆளாளுக்கு ஒரு பக்கம் போனால், பெரும்பாலும் ரேம். கர்னல் கம்பைல் செய்யும்போது ஜிசிசி கண்ட இடத்தில் சிக்னல் 11 அடித்தால் ரேமைப் பார் என்பது 90களிலிருந்து வரும் பழைய பாடம். ஆப்டும் அதே மாதிரி நிறைய நினைவகத்தைத் தொட்டு, நிறையப் பாயின்டர் பின்னால் ஓடுகிற நிரல். ஒரு பிட் புரண்டால் ப்ரௌசரில் ஒரு படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆப்டில் புரண்டால் அது எங்கேயோ காட்டுக்குள் போய் நிற்கும்.

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன அலுவலகத்தில் இதைப் பார்த்தேன். ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினார்கள், ஒரு பிழைகூட இல்லை. 'ரேம் நல்லாத்தான் சார் இருக்கு, உங்க லினக்ஸ்தான் கோளாறு' என்று எனக்கு ஃபோன். மே மாதம். மெஷின் இருந்த அறையில் ஏசி இல்லை. மெம்டெஸ்டை மத்தியானம் இரண்டு மணிக்குப் போடச் சொன்னேன். சாயங்காலம் ஐந்துக்குள் ஒரே முகவரியில், ஒரே பிட், வரிசையாகச் சிவப்பு. சென்னையில் மெம்டெஸ்ட் ஓட்டுவதென்றால் வெயில் நேரத்தில் ஓட்டுங்கள்.

பக்கத்து மெஷினில் ஓடுகிறது, ரேமும் சுத்தம் என்றால் ரீஇன்ஸ்டாலுக்கு ஓடாதீர்கள், இடையில் லைப்ரரி இருக்கிறது. டிபிகேஜி வெரிஃபை என்று ஆப்டுக்கும் அதன் லைப்ரரிக்கும் கொடுங்கள். நிறுவிய கோப்புகள் பேக்கேஜில் வந்த எம்டி5 உடன் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துச் சொல்லும். ஒன்றும் பேசாமல் திரும்பினால் நல்லது. பிறகு எல்டிடி போட்டு ஆப்ட் எந்தெந்த லைப்ரரியை எங்கிருந்து எடுக்கிறது என்று பாருங்கள். கல்லூரி லேபில் இதை நான் தனியாக வலியுறுத்துவேன். ஏதாவது ஒரு டிபார்ட்மென்டுக்காக ஒரு சிமுலேஷன் மென்பொருள் போட்டிருப்பார்கள். அது தன் சொந்தப் பழைய சி ப்ளஸ் ப்ளஸ் லைப்ரரியைக் கூடவே கொண்டுவந்து, எல்டி லைப்ரரி பாத் என்ற சூழல் மாறியில் தன் அடைவை முன்னால் செருகிவிட்டுப் போயிருக்கும். ஆப்ட் பாவம், தனக்குப் பழக்கமில்லாத லைப்ரரியோடு குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும். இதற்கு ஒரு சுலபமான அடையாளம்: சுடோ அந்த மாறியை வழியிலேயே கழற்றிவிடும். ஆகவே சுடோ இல்லாமல் விழுந்து, சுடோவோடு ஓடினால் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. ஆனால் எல்டி டாட் எஸ்ஓ டாட் கான்ஃப் டி அடைவில் வரி சேர்த்திருந்தால் இரண்டிலும் விழும், அதையும் எட்டிப் பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதி. ஜிடிபிக்குள் ஏன் விழவில்லை?

லினக்ஸ் ஒவ்வொரு தடவை நிரலை ஏற்றும்போதும் நினைவக முகவரிகளைக் குலுக்கிப் போடும், தாக்குபவன் குறி வைக்கக் கூடாது என்பதற்காக. ஜிடிபியோ, ஆராய்பவருக்கு வசதி என்று அந்தக் குலுக்கலை நிறுத்திவிட்டுத்தான் நிரலை ஓட்டும். எனவே ஜிடிபிக்குள் ஒவ்வொரு ஓட்டமும் ஒரே மாதிரி. வெளியே பத்தில் ஒன்று விழுகிறது என்றால், குலுக்கலில் பத்தில் ஒரு அமைப்பு வம்பானது என்று இருக்கலாம். ஜிடிபியின் நிரந்தர அமைப்பு மீதி ஒன்பதில் ஒன்றாக அமைந்துவிட்டது. செட் டிசேபிள்-ராண்டமைசேஷன் ஆஃப் என்று கொடுத்துவிட்டு மறுபடி மறுபடி ஓட்டுங்கள், விழும்.

முகவரி மாறினால் நிரல் ஏன் விழ வேண்டும்? இங்கேதான் ஆப்டின் அந்த நினைவகத் துண்டுக்கு வர வேண்டும். தொடக்கத்தில் அது எவ்வளவு வாங்குகிறது என்பதற்கு ஆப்ட் கேச்-ஸ்டார்ட் என்று ஓர் அமைப்பு. ஆவணத்தில் சொல்லியிருப்பது 20971520 பைட், அதாவது 20 எம்பி. போதவில்லை என்றால் கேச்-க்ரோ அளவு கூட்டிக் கேட்கும், அது ஒரு எம்பி. லினக்ஸில் இந்தக் கூட்டல் எம்ரீமேப் என்ற சிஸ்டம் கால் வழியாக நடக்கிறது. பக்கத்து இடம் காலியாக இருந்தால் இருந்த இடத்திலேயே நீளும். பக்கத்தில் வேறு ஏதாவது இருந்தால் கர்னல் மொத்தத்தையும் வேறு இடத்துக்குக் குடி மாற்றிவிடும்.

சென்னைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டு வாசலில் பழைய எண் 14, புதிய எண் 27 என்று இரண்டும் எழுதியிருப்பது நமக்குப் பழக்கம்தான். பழைய எண்ணை மட்டும் சீட்டில் எழுதி வைத்திருக்கும் கூரியர் பையன் புதிய எண் 14-இன் கதவைத் தட்டுவான், அங்கே வேறு யாரோ இருப்பார்கள். ஆப்டை எழுதியவர்கள் இதை யோசித்தே, கேச்சுக்குள் நேரடி முகவரிகளை வைக்காமல் 'தொடக்கத்திலிருந்து இத்தனை தள்ளி' என்ற எண்களைத்தான் வைக்கிறார்கள். தெருவே நகர்ந்தாலும் தெருமுனையிலிருந்து எண்ணினால் வீடு கிடைத்துவிடும். ஆனால் நிரல் ஓடும்போது கையில் சில பாயின்டர்கள் இருந்தே தீரும். அவற்றையெல்லாம் டைனமிக் என்ற ஓர் உறையில் பதிவு செய்து வைத்து, குடி மாறியதும் ரீமேப் என்ற ஃபங்ஷன் ஒவ்வொன்றையும் திருத்துகிறது. எங்கேயாவது ஒரு பாயின்டரைப் பதிவு செய்ய மறந்துவிட்டால்? அது பழைய எண்ணோடு அலையும். இடம் மாறாத ஒன்பது ஓட்டத்தில் ஒன்றும் ஆகாது. மாறிய ஓட்டத்தில் விழும். டிமெசேஜில் தொட்ட முகவரி நிஜ முகவரி மாதிரியே இருந்தால் கவனிக்கச் சொன்னது இதனால்தான். சற்று முன் வரை அது நிஜ முகவரிதான். ஆப்டின் சேஞ்ச்லாகில் இந்த ரகத் திருத்தங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு.

நான் மாட்டிக்கொண்டது தரமணியில் ஒரு நிறுவனத்தில். ஆப்டின் மேல் நாங்களே ஒரு சின்ன ஒட்டு, அதாவது பேட்ச், போட்டு வைத்திருந்தோம், பட்டியலில் ஒரு கூடுதல் புலத்தைப் படிப்பதற்காக. ஒட்டு போட்டவன் நான்தான். இரண்டு வருடம் சத்தமில்லாமல் ஓடியது. பிறகு ஒருவர் தன் மெஷினில் மட்டும் ஐ386, அதாவது 32 பிட், ஆர்க்கிடெக்சரைச் சேர்த்தார், அப்போதிலிருந்து அவருக்கு மட்டும் வாரம் ஒரு தடவை க்ராஷ். ரேமை மாற்றினோம், டிஸ்க்கை மாற்றினோம், ஆளைக்கூட வேறு இருக்கைக்கு மாற்றினோம். நடந்தது இதுதான்: கூடுதல் ஆர்க்கிடெக்சரின் பட்டியலும் சேர்ந்து கேச் தொடக்க அளவைத் தாண்டியது, வளர வேண்டி வந்தது, எப்போதாவது இடம் மாறியது, நான் பதிவு செய்யாமல் விட்ட ஒரு பாயின்டர் பழைய வாசலைத் தட்டியது.

அதைப் பிடித்த உத்தி ரொம்ப எளிது. உங்களுக்கும் இதையே சொல்வேன். வாரத்துக்கு ஒரு தடவை வருவதற்காகக் காத்திருக்காமல், கேச்-ஸ்டார்ட்டை ஒரு எம்பியாகக் குறைத்து, கேச்-க்ரோவையும் சில ஆயிரம் பைட்டாகச் சுருக்கி ஓட்டினேன். இப்போது ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆயிரக்கணக்கில் வளர வேண்டும், எப்படியும் சில தடவை குடி மாறும். ஐம்பதுக்கு ஐம்பதும் விழுந்தது. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, பக்கத்து இருக்கைக்காரர் பக் சரியாகிவிட்டது என்று நினைத்துக் கை கொடுத்தார். உங்கள் மெஷினில் டிபிகேஜியிடம் வெளி ஆர்க்கிடெக்சர் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், சோர்சஸ் லிஸ்ட் அடைவையும் மற்ற மெஷினோடு ஒப்பிடுங்கள். ஒரே இமேஜாக இருந்தும் ஒன்று மட்டும் விழுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

உறுதியாக விழ வைத்த பிறகு பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு அங்கே வந்தது என்ற பட்டியல்) எடுப்பது சின்ன வேலை. சிம்பல்கள், அதாவது ஃபங்ஷன்களின் பெயர் விவரம், இல்லாவிட்டால் வெறும் கேள்விக்குறிகளாக வரும். டிபக்இன்ஃபோடி யூஆர்எல்ஸ் மாறியில் டெபியனின் சர்வரைக் கொடுத்தால் ஜிடிபி தானே இறக்கிக்கொள்ளும், இல்லையென்றால் டிபிஜிசிம் பேக்கேஜ்களைப் போடலாம். பேக்ட்ரேஸின் முதல் வரியில் மெம்காப்பி, எஸ்டிஆர்லென் என்று ஏதாவது நிற்கும். அது பிணம் கிடந்த இடம், கொலை நடந்த இடம் இல்லை. மேலே ஏறி ஆப்டின் முதல் ஃபங்ஷனைப் பாருங்கள். அங்கேயும் தெரியாவிட்டால் ஆர்ஆர் என்ற கருவியில் ஓட்டத்தைப் பதிவு செய்து, பின்னோக்கி ஓட்டலாம். கெட்டுப்போன பாயின்டரின் மேல் வாட்ச்பாயின்ட் வைத்து ரிவர்ஸ்-கன்டின்யூ கொடுத்தால், அதில் கடைசியாக எழுதிய வரியில் போய் நிற்கும். முதல் தடவை பார்க்கும்போது மாயம் மாதிரி இருக்கும். நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் இந்தக் குறிப்பிட்ட ரகத்துக்கு அவ்வளவு உதவாது. அது மலாக் வழியாக வாங்கிய நினைவகத்தையும் ஸ்டாக், குளோபல் மாறிகளையும்தான் கண்காணிக்கும், ஆப்ட் கேச் நேரடி எம்மேப்.

தரவுதான் காரணம் என்று தெரிந்தால் அதைச் சுருக்க வேண்டும். பட்டியல் கோப்பில் ஒவ்வொரு பேக்கேஜும் ஒரு பத்தி, நடுவில் ஒரு வெற்று வரி. பாதியாக வெட்டி, எந்தப் பாதி விழுகிறதோ அதை வைத்துக்கொண்டு மறுபடி வெட்டுங்கள். 64 ஆயிரத்தை 16 தடவை பாதியாக்கினால் ஒன்றுக்கு வந்துவிடும். அசல் பட்டியலில் கை வைக்க முடியாது, கையொப்பம் ஒத்துப்போகாது. அதனால் வெட்டியதை ஒரு உள்ளூர் அடைவில் போட்டு, சோர்சஸ் வரியில் டிரஸ்டட் யெஸ் கொடுங்கள், அந்தச் சோதனை நகலில் மட்டும். அளவைப் பொறுத்த பக் என்றால் வெட்ட வெட்ட மறைந்துவிடும். மறைந்தால் அதுவே ஒரு பதில்தான், கேச்-ஸ்டார்ட்டைக் குறைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

பழைய பதிப்பில் வராமல் புதியதில் வருகிறது என்றால் கிட் பைசெக்ட், எந்த மாற்றத்தில் பக் நுழைந்தது என்று பாதி பாதியாகத் தேடுகிற கட்டளை. இதில் எல்லோரும் ஒரு தடவை விழுகிற குழி இருக்கிறது. கிட் பைசெக்ட் ரன் கொடுத்து ஸ்கிரிப்டை ஓட விட்டால், அதன் எக்ஸிட் கோட் 1 முதல் 127 வரை இருந்தால் 'கெட்டது' என்று எடுத்துக்கொள்ளும், 125 மட்டும் 'இதை விட்டுவிடு'. 127-க்கு மேல் வந்தால் பைசெக்டையே நிறுத்திவிடும். செக்ஃபால்டின் கோட் 139! தேடுகிற க்ராஷ் கிடைத்த நிமிடமே தேடல் நின்றுவிடும். ஸ்கிரிப்டில் அதை 1 ஆக மாற்றிக் கொடுங்கள். எப்போதாவது விழுகிற பக் என்றால் ஒரு கமிட்டுக்கு ஒரே ஓட்டம் போதாது, ஐம்பது ஓட்டமாவது ஓட்டிவிட்டுத்தான் 'நல்லது' சொல்ல வேண்டும்.

ஃபெடோரா, சூசே வைத்திருப்பவர்களுக்கும் வழி இதேதான், இடங்கள் மட்டும் வேறு. அவற்றின் பேக்கேஜ் அமைப்பான ஆர்பிஎம்மின் தரவுத்தளம் நீண்ட காலம் பெர்க்லி டிபியில் இருந்தது, மின்சாரம் போனால் அடிக்கடி குழம்பும். 2020-இல் வந்த ஃபெடோரா 33 அதை எஸ்க்யூலைட்டுக்கு மாற்றியது. நம்ம ஊர் அரசு நிறுவனமான சி-டாக் செய்கிற பாஸ் லினக்ஸ் டெபியனிலிருந்து வந்தது, அதற்கு மேலே சொன்ன எல்லாமே அப்படியே பொருந்தும்.

ஆப்டின் பக்தான் என்று உறுதியானால் ரிப்போர்ட்பக் வழியாக டெபியனுக்கு எழுதுங்கள். எல்சி ஆல் சி வைத்து, அதாவது ஆங்கிலத்தில், எடுத்த வெளியீடு, பதிப்பு, சிம்பலோடு பேக்ட்ரேஸ், சுருக்கிய தரவு, ஐம்பதுக்கு எத்தனை. அனுப்புவதற்கு முன் நகலைப் பிரித்துப் பாருங்கள். எட்சி ஆப்டுக்குள் ஆத் டாட் கான்ஃப் என்று ஒன்று இருந்தால் அதில் தனியார் ரெப்போவின் பாஸ்வேர்ட் இருக்கும். ஒரு குறிப்பிட்ட டெப் கோப்பைத் திறந்தாலே ஆப்ட் விழுகிறது என்றால் மட்டும் பொதுவில் போடாதீர்கள், பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாக எழுதுங்கள். 2020-இல் சிவிஇ-2020-3810 என்று பதிவானது அப்படி ஒன்றுதான். வேண்டுமென்றே கோணலாகச் செய்த டெப் கோப்பைக் கொடுத்தால், ஆப்டின் ஏஆர், டார் படிக்கும் பகுதி எல்லை தாண்டிப் படித்துவிடும்.

உங்கள் மெஷினுக்கு நான் போகிற வரிசை இது: நகல், ஷா256 இரண்டு தடவை, ஐம்பது ஓட்டம், பக்கத்து மெஷினில் ஐம்பது ஓட்டம், மத்தியானத்தில் மெம்டெஸ்ட். எக்ஸிட் கோட், டிமெசேஜ் வரிகள், இரண்டு ஐம்பதின் கணக்கு, இந்த மூன்றையும் அனுப்பினால் அடுத்து எங்கே தோண்டலாம் என்று சொல்கிறேன். பார்க்காமல் பந்தயம் கட்டச் சொன்னால் ரேம் மேல்தான் கட்டுவேன். மெம்டெஸ்டில் சிவப்பு வந்தால் இரண்டு குச்சியையும் கழற்றி ஒவ்வொன்றாகப் போட்டு எது என்று பார்த்துவிடுங்கள், ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள். வாரன்டி இருந்தால் பில்லைத் தேடி எடுங்கள். புது ரேம் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், முக்கால்வாசிக் கடை மூடியிருக்கும்.